பழைய பட்டியல் யாரை மறைக்கிறது?

2023 ஜூலையில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு உறுப்பினர் ஷமிகா ரவி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, தொழிலாளர் கணக்கெடுப்பு எல்லாமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய பட்டியலை வைத்துத்தான் வீடுகளைத் தேர்ந்தெடுக்கின்றன, அதனால் கிராமங்களுக்கு அளவுக்கு மீறிய இடம் கிடைக்கிறது, அதனால் நாடு கண்ட வளர்ச்சி குறைத்துக் காட்டப்படுகிறது என்பது அதன் சாரம். பி.சி. மோகனன் போன்ற புள்ளியியலாளர்கள் அப்போதே பதில் சொன்னார்கள். ஆனாலும் அந்த வாதம் ஓயவில்லை. ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரமின்மை, கழிப்பறை என்று எந்த எண்ணை எடுத்துப் பேசினாலும், ‘அந்த சர்வேயே தப்பு’ என்று அடித்து உட்காரவைக்க இன்று அது எல்லார் கைக்கும் கிடைத்த தடியாகிவிட்டது.

அந்தக் கட்டுரை வரும்போது இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2023 மே 13 அன்று மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 உயிர்கள் போயின. செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் எட்டு. செத்தவர்களில் பெண்களும் உண்டு. நான் இந்தக் கடற்கரைக்காரன். நம் நாட்டின் உடல்நலக் கணக்கெடுப்பில் கோளாறு இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் தலையாட்டுகிறவன் நான்தான். அந்தக் கோளாறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் ஷமிகா ரவி சொல்வது முழுக்கத் தலைகீழ். வளர்ச்சியை இந்தக் கணக்கெடுப்பு மறைக்கவில்லை. எக்கியார்குப்பத்தை மறைத்திருக்கிறது.

அவருடைய வாதத்தை அவருடைய கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். ஐந்தாவது சுற்றுக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. 707 மாவட்டங்கள், 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றது அது. அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் 58.6. எட்டரைப் புள்ளி ஏற்றம். இதுதான் டெல்லியில் பலருக்கும் தொண்டையில் சிக்கிய எண்.

இந்த 67.1-ஐப் பிரித்தால் கிராமத்தில் 68.3, நகரத்தில் 64.2. இரண்டுக்கும் வித்தியாசம் 4.1 புள்ளி. கிராமங்களை அதிகமாகச் சேர்த்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை அப்படியே ஏற்றுக்கொள்வோம். நகரத்தின் பங்கைப் பத்துப் புள்ளி தூக்குவோம். நாடு முழுவதற்குமான எண் எவ்வளவு குறையும்? 0.41 புள்ளி. அரைப் புள்ளிகூட இல்லை. அதுவும் போதாது, இந்தியாவில் கிராமமே கிடையாது, எல்லாரும் நகரத்தில்தான் வாழ்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் எண் 64.2-க்குக் கீழே இறங்காது. ஐந்தாண்டு முந்தைய கிராமத்து எண்ணைவிடவும் அது அதிகம். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் கணக்கும் இப்படித்தான். கிராமம் 37.3, நகரம் 30.1. நகரத்தின் பங்கைப் பத்துப் புள்ளி ஏற்றினால் ஒரு புள்ளிகூடக் குறையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்பவர், ‘முன்னேற்றம் குறைத்துக் காட்டப்படுகிறது’ என்று எழுதுவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் அது பொறுப்பின்மை. பார்த்துவிட்டு எழுதினார் என்றால் அதைவிட மோசம்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே 48.4 விழுக்காடு மக்கள் நகரவாசிகள். பெரிய மாநிலங்களில் இதற்கு மேல் நகரமயமானது எதுவும் இல்லை. கிராமச் சாய்வு என்ற குற்றச்சாட்டு எங்காவது எடுபடாது என்றால் அது இங்கேதான். இங்கே குழந்தைகளின் ரத்தசோகை 50.7-லிருந்து 57.4 ஆக ஏறியிருக்கிறது. பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே சுற்றில் தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள், முந்தைய சுற்றில் அது 30.9. கிராமத்து ஏழைகளை மட்டும் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்திருந்தால் உடற்பருமன் பத்துப் புள்ளி ஏறியது எப்படி? ஒரே வீட்டில் தாய்க்கு உடல் பருத்து, ரத்தம் வெளிறி, பிள்ளை வளர்த்தி குன்றிக் கிடக்கிற நிலை இது. அரிசியும் எண்ணெயும் சீனியும் வயிற்றை நிரப்புகின்றன, கீரையும் பருப்பும் முட்டையும் தட்டுக்கு வருவதில்லை. கணக்கெடுப்பு இதைத்தான் சொல்கிறது. இதைக் கேட்டுக்கொள்ள மனமில்லாதவர்கள் பட்டியலின் வயதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பட்டியல் பழையது என்பதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கட்டுரையைப் படிக்கிறவருக்கு, 2011-இல் எழுதிவைத்த வீட்டு முகவரிகளைத் தேடிக்கொண்டு களப்பணியாளர்கள் அலைந்தார்கள் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. எந்த ஊர், எந்த நகர்ப்புறத் தொகுதி என்ற தேர்வு மட்டும்தான் 2011 பட்டியலிலிருந்து வருகிறது. ஊர் தேர்வானதும் ஆட்கள் வந்து தெருத்தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, இன்று அங்கே இருக்கும் வீடுகளையெல்லாம் புதிதாகப் பட்டியல் எடுக்கிறார்கள். அந்தப் புதுப் பட்டியலிலிருந்துதான் 22 வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-இல் நூறு வீடாக இருந்த ஊர் முந்நூறு வீடாகியிருந்தால் அதற்கேற்ப எடை கொடுக்கிறார்கள். மிஞ்சுவது பெயர்ப்பலகைச் சிக்கல்தான். அன்று கிராமமாக இருந்து இன்று நகரமாகிவிட்ட ஊர் கணக்கில் இன்னும் கிராமம் என்றே நிற்கும். நிற்கட்டும். அந்த வீட்டுக் குழந்தையின் விரலில் எடுத்த ரத்தத்தில் கிராமம், நகரம் என்று எழுதியிருக்கவில்லை. ஹீமோகுளோபின் பத்து என்றால் எந்தப் பலகையின் கீழ் வைத்தாலும் பத்துதான். கிராமத்துச் சராசரியும் நகரத்துச் சராசரியும் கொஞ்சம் மாறலாம். இரண்டையும் கூட்டி வரும் நாட்டின் எண் மாறாது.

இவ்வளவுக்கும் பிறகு பட்டியல் பழையதாகவே இருக்கட்டும். அது ஏன் பழையதாகக் கிடக்கிறது? 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. உலகப் போரின் நடுவே 1941-இல்கூட நடந்தது. கொரோனா என்றார்கள், பிறகு நிர்வாக எல்லைகளை உறையவைக்கும் தேதியைத் தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள். 2025 ஜூனில்தான் அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பை நடத்தாமல் வைத்திருந்த அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவர், பட்டியல் பழையதாகிவிட்டது என்று கணக்கெடுப்பாளர்கள் மீது பழிபோடுகிறார். அந்தக் கட்டுரையில் கண்டிக்கப்பட வேண்டியவர்கள் யாராவது இருந்தார்கள் என்றால், அது 2021-இல் எண்ணாமல் விட்டவர்கள். அவர்களை நோக்கி அவர் விரல் நீளவில்லை.

பட்டியல் வாதம் தோற்கிற இடத்தில் ஊசி வாதம் வரும். ரத்தசோகை அளவிடும் முறையே தவறு, விரல் நுனியில் எடுக்கும் துளியில் அளவு சரியாகத் தெரியாது, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கப்போவதில்லை. எங்கள் ஊர் முகாம்களில் பார்த்திருக்கிறேன். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணின் விரல் நுனி தடித்து, உப்புநீரில் ஊறி ஊறி வெடித்துக் கிடக்கும். ஊசி குத்தினால் ரத்தம் சட்டென்று துளிர்க்காது. முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். அடுத்த துளி வர மாட்டேன் என்னும். ‘கொஞ்சம் அமுக்கிக்கிறேன்க்கா’ என்று விரலைப் பிதுக்குவார்கள். பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வரும், கருவி குறைவாகக் காட்டும். நரம்பில் எடுப்பதே மேல். 2024-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வரம்பையும் 11 கிராமிலிருந்து 10.5 ஆக இறக்கியிருக்கிறது.

ஆனால் இந்தக் குறை 2015-இலும் இருந்தது, 2019-இலும் இருந்தது. விரல் துளிதான் இரண்டு சுற்றிலும். வரம்பு 11 கிராம்தான் இரண்டு சுற்றிலும். அளவுகோல் ஒன்றே என்றால், எண் எட்டரைப் புள்ளி ஏறியதற்கு அளவுகோலைக் காரணம் சொல்ல முடியாது. நரம்பில் எடுத்த ரத்தத்தை வைத்துப் பேசலாம் என்றாலும் பேசுவோம். 2016-18-இல் மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் நரம்பில்தான் ரத்தம் எடுத்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று வந்தது. ஐந்தில் இரண்டு பிள்ளைகள். இந்த எண்ணைச் சொல்லி நிம்மதியாக மூச்சுவிட எந்த அமைச்சருக்கு, எந்த ஆலோசகருக்கு உரிமை இருக்கிறது?

ஆறாவது சுற்றில் ரத்தசோகை அளவீட்டையே எடுத்துவிட்டார்கள். 1998-99-இல் இரண்டாவது சுற்றில் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் வந்த தொடர் அறுந்தது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தனியாக ஒரு ஆய்வில் நரம்பு ரத்தம் எடுத்து அளக்கும் என்றார்கள். நல்லது, அளக்கட்டும். ஆனால் முறையை மாற்றுகிறவர்கள் ஒரு சுற்றிலாவது பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்து நடத்தி, இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டிருக்க வேண்டும். இந்தத் துறையில் கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விதி அது. பாலம் போடாமல் பழைய கரையை வெட்டிவிட்டால் கூடியதா குறைந்ததா என்று இனி யாரும் கேட்க முடியாது. அந்தக் கேள்வியே எழக்கூடாது என்பதுதான் நோக்கமோ என்று சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை, தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு வெளியிடாமலே கைவிட்டது. கிராமத்து நுகர்வு குறைந்திருப்பதாக அதில் இருந்தது பத்திரிகையில் கசிந்த பிறகுதான் அது நடந்தது. வேலைவாய்ப்பு அறிக்கையை முடக்கியதற்காக 2019 ஜனவரியில் பி.சி. மோகனன் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பதவி விலகினார். குடும்ப நலக் கணக்கெடுப்பை நடத்தும் மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ். ஜேம்ஸ் 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆள்சேர்ப்பில் முறைகேடு என்பது அரசு சொன்ன காரணம். நாடு திறந்தவெளிக் கழிப்பிடமற்றதாகிவிட்டது என்று 2019 அக்டோபரில் அறிவித்த பிறகு, 19 விழுக்காடு வீடுகளுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்று அவருடைய நிறுவனத்தின் கணக்கெடுப்பு சொன்னது. ஷமிகா ரவியின் கட்டுரை வந்ததும் அதே ஜூலைதான்.

கணக்கெடுப்பின் உண்மையான கோளாறுக்கு வருகிறேன். இதைப் பற்றி ஷமிகா ரவி ஒரு வரி எழுதியிருந்தாலும் அவருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-16 சுற்றில் தமிழகத்தில் 15 முதல் 49 வயது ஆண்களிடம் நேரடியாகக் கேட்டபோது 46.7 விழுக்காட்டினர் குடிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் மாநிலத் தகவல் தாளின் முகப்பில் வந்த எண் சுமார் நான்கில் ஒருவர். ஐந்து ஆண்டில் தமிழகத்துக் குடிகாரர்களில் பாதிப் பேர் திருந்திவிட்டார்களா? 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்க்க வேண்டும் என்று, வீட்டு விவரம் சொல்கிற ஒருவரிடமே எல்லாருடைய பழக்கத்தையும் கேட்டார்கள். வயதானவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள், கேள்விக்குப் பதில் சொல்கிறவரும் மாறினார். ஒரு குப்பத்து வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். மாமியார் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்க்கின்றன. கையில் டேப்லெட்டோடு வந்த பெண், ‘உங்க வீட்டுக்காரர் குடிப்பாருங்களா?’ என்று கேட்கிறாள். அந்த மருமகள் என்ன சொல்வாள்? ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எப்பனா ஒருநாள்’ என்பாள். இல்லை என்ற கட்டத்தில் விரல் விழுந்துவிடும். எதைக் குடிக்கிறார், கடை சரக்கா சாராயமா என்பது அந்தத் தாளின் முகப்பில் வராது. 2022-23-இல் டாஸ்மாக் 44,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டியது என்று மாநில அரசுக்குத் துல்லியமாகத் தெரியும். கடைக்குப் போகக் காசில்லாதவன் எந்த மறைவில் எந்த பாக்கெட்டைக் குடிக்கிறான் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. எக்கியார்குப்பத்தில் 14 பேர் செத்தபோதுதான் அது எண்ணாக மாறியது.

இந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். குடியைக் குறைத்துக் காட்டியது. முன்னேற்றத்தைக் கூட்டிக் காட்டியது.

பருவத்தைப் பாருங்கள். தமிழகத்தில் ஐந்தாவது சுற்றின் களப்பணி 2020 ஜனவரி முதல் மார்ச் முழுமுடக்கம் வரையும், பிறகு 2020 டிசம்பர் இறுதி முதல் 2021 மார்ச் வரையும் நடந்தது. மரக்காணத்துக்காரர்களுக்கு இந்த மாதங்களின் பொருள் தெரியும். மழை முடிந்து, பாத்தியைத் திருத்தி, உப்பள வேலை தொடங்குகிற காலம். கடலும் ஓரளவு கொடுக்கிற காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அக்டோபர் முதல் மழை, உப்பள வேலை அடியோடு நின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பது அரசுக்கே தெரியும், அதனால்தான் 2022 முதல் மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறார்கள். தடைக்காலத்துக்கும் நிவாரணம் உண்டு. கையில் காசு ஓட்டமில்லாத அந்த மாதங்களில்தான் கடனும் பட்டினியும் மலிவுச் சாராயமும் சேர்ந்து வரும். எக்கியார்குப்பத்துச் சாவுகள் மே மாதம் நடந்தன. மே மாதத்தில் எங்கள் கடற்கரையை அந்தச் சுற்றில் யாரும் எடை பார்க்கவில்லை, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. நல்ல மாதத்தில் அளந்த எண்ணை ஆண்டு முழுவதற்குமான எண்ணாக எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது மாவட்டச் சராசரி. ஐந்தாவது சுற்று 2017-இல் இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அதனால் கணக்கெடுப்பின் விழுப்புரம் என்பது மரக்காணம் கடற்கரையும் கல்வராயன் மலையும் சேர்ந்தது. உப்பளத்துக் குப்பத்தையும் மலைவாழ் கிராமத்தையும் செஞ்சி நிலக்கடலைக் காட்டையும் திண்டிவனம் கடைத்தெருவையும் கூட்டி வகுத்து ஒரே எண். மாநிலம் முழுவதும் 27,929 வீடுகள், 32 மாவட்டங்கள் என்றால் மாவட்டத்துக்குத் தொள்ளாயிரத்துக்கும் குறைவு. 2023-இல் மரக்காணத்திலும், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கிய கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் குடித்துச் செத்தவர்கள் இந்தக் கணக்கில் ஒரே மாவட்டத்துக்காரர்கள். ஒரே பழைய மாவட்டத்தில், ஒரு வருடம் தள்ளி, ஒரே விஷத்தில் இரண்டு கூட்டச் சாவு. அந்த மாவட்டத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது முன்கூட்டி எச்சரித்திருக்க முடியுமா? முடியாது. சராசரி அப்படிப்பட்ட இடங்களை விழுங்கிவிடும்.

ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து கேட்பது இன்னொரு கோளாறு. கடலுக்குப் போகிறவன் விடியுமுன் போய்விடுவான். உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்புவார்கள், வந்து படுத்தால் எழுப்ப முடியாது. திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனாலும் நாடு முழுவதும் தேர்வான பெண்களில் 97 விழுக்காட்டினர் பதில் சொன்னபோது ஆண்களில் 92 விழுக்காடுதான். விடுபட்ட எட்டுப் பேர் யார்? மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பதில்லை என்பது உண்மைதான், அதை ஷமிகா ரவியின் தரப்பு அடிக்கடி சொல்கிறது. பிழைப்புக்காக வீட்டில் இல்லாதவனைப் பற்றி அவர்கள் சொல்வதில்லை.

கேட்கவே படாத கேள்விகளும் இருக்கின்றன. உப்பளத்தில் நாள் முழுவதும் வெயில் மேலிருந்தும் வரும், பாத்தியின் வெள்ளையில் பட்டுக் கீழிருந்தும் வரும். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்து, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், அவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது என்றும் எழுதினார்கள். குடும்ப நலக் கணக்கெடுப்பு ரத்த அழுத்தம் பார்க்கிறது, சர்க்கரை பார்க்கிறது, இடுப்புச் சுற்றளவு பார்க்கிறது. கிரியாட்டினின் பார்ப்பதில்லை. பார்த்தால் எங்கள் பக்கத்து எண் எப்படி வரும் என்று எனக்குக் கவலை இருக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லி டெல்லியிலிருந்து ஒரு கட்டுரை வரவில்லை.

மாதிரிக் கணக்கெடுப்பு சின்னது, ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டுக் கோடிக்கணக்கானவர்களைப் பற்றிப் பேச முடியுமா என்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஆண்டுக்குச் சுமார் ஐயாயிரம் பேரைத்தான் பரிசோதிக்கிறது. 1976-லிருந்து 1980-க்குள் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் 37 விழுக்காடு குறைந்ததை அதுதான் கண்டுபிடித்தது. பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய ரத்தத்திலும் குறைந்தது என்ற அந்த வரைபடத்தின் முன்னால் பெட்ரோல் நிறுவனங்களின் வாதங்கள் நிற்கவில்லை. அங்கே போவானேன், நம்மிடமே உதாரணம் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்து 1973-இல் வெளிவந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான் அதிகம் வாடுகிறார்கள், பள்ளிக்கூடத்துச் சோறு அவர்களை எட்டுவதில்லை என்று காட்டியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மாதாமாதம் குழந்தையைத் தராசில் போட்டு, எடை ஏறாத குழந்தையை மட்டும் பிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். 2020-இல் மாநில அரசு நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 7.3 விழுக்காடு, சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காடு என்று தெரிந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. சங்கடமான எண்ணைப் பார்த்ததும் அளப்பதை நிறுத்தியிருந்தால் இந்த இரண்டு திட்டங்களும் பிறந்திருக்காது.

2027 கணக்கெடுப்பு முடிந்ததும் புதுப் பட்டியல் கிடைத்துவிடும். பட்டியல் பழையது என்ற சாக்கு அத்தோடு போகும். அப்போது நடக்கும் சுற்றில் ரத்தசோகையைத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒரு பகுதி வீடுகளிலாவது நரம்பிலும் விரலிலும் சேர்த்து எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். கடலோரத்தையும் மலையையும் தனித்தனி அடுக்காகப் பிரித்து, போதுமான வீடுகளை எடுக்க வேண்டும். குடியைப் பற்றிக் குடிக்கிறவனிடம், தனியாக, என்ன சரக்கு என்றும் கேட்க வேண்டும். உப்பளத்துத் தெருக்களில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். விழுப்புரம் கடற்கரைக்கு ஒரு குழுவாவது மே மாதத்தில் வர வேண்டும், மழைக்காலத்தில் மறுபடி வர வேண்டும். இவற்றில் எதற்கு ஷமிகா ரவி குரல் கொடுக்கப்போகிறார் என்று சொல்லட்டும். எதற்கும் இல்லை என்றால், 2023-இல் அவர் எழுதியது கணக்கெடுப்பைத் திருத்துவதற்கான கட்டுரை என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.